பொட்டு வெளியே, தூசி உள்ளே!



ஆயுத பூஜைக்கு நம் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தோம். மானிட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். மறுநாள் பழையபடி பூட்டு! ஆறு கம்ப்யூட்டரில் இரண்டுதான் ஓடுகிறது. மற்ற நான்கிலும் 'ரிப்பேர்' என்று சீட்டு.

போன வாரம் சார் அதில் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். அம்மாடி! உள்ளே மெத்தைப் பஞ்சு மாதிரி தூசி. ஃபேன் இறக்கையே தெரியவில்லை. மூலையில் பல்லி முட்டை ஓடு வேற.

தூசி எப்படி உள்ளே போகுது? சூட்டைத் தணிக்க ஃபேன் காற்றை இழுக்கிறது. காற்றோடு தெருப் புழுதியும் வருகிறது. ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். பிராசஸரின் சூடு அது வழியாகத்தான் வெளியேறும். அந்த இடுக்கில் தூசி அடைத்தால், வெயில் காலத்தில் கம்பளி போர்த்தின மாதிரி. சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும். இன்னும் ஏறினால் கருகாமல் இருக்க நின்றுவிடும். நாம் 'வைரஸ்' என்கிறோம்! பிறகு பூட்டி வைத்த மாதங்களில், மழைக்கால ஈரத்தை அந்தத் தூசி பிடித்து வைக்கிறது. இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது.

அன்று பெயிண்ட் பிரஷால் தூசி தட்டினோம். ராமைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினோம். 'பீப்' என்று ஒரு சத்தம். ஓடியது! மற்ற மூன்றும் ஓடவில்லை.

எனக்குச் சந்தோஷத்தை விட வருத்தம்தான் அதிகம். எங்க அக்காவும் இதே பள்ளிதான். மவுஸைத் தொடாமலே படித்து முடித்துப் போனாள். இப்போ ஒரு விண்ணப்பம் போடக்கூட பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அடுத்தவரை அடிக்கச் சொல்கிறாள். "புள்ளைங்க தொட்டா கெட்டுடும்" என்றுதானே பூட்டினார்கள்? யாரும் தொடாமலே கெட்டுப் போச்சே!

ஆசிரியர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அது அரசாங்கப் பொருள். உடைந்தால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டர் தகராறு செய்தது. திறந்து பார்த்தார்கள். ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி! அதைப் பதிவேட்டிலேயே ஒட்டி, குறிப்பும் எழுதினார்கள். திறந்து பார்த்ததால்தான் காரணம் தெரிந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம ஊர் தீபக் கொப்பரையைப் பாருங்கள். 11 நாள் தீபம் எரிவதற்காக, ஒவ்வொரு வருஷமும் அதைச் சுத்தம் செய்து, பழுது பார்த்துத்தான் 2,668 அடி உயர மலைக்குத் தூக்கிப் போகிறார்கள். பொட்டு மட்டும் வைத்து அனுப்புவதில்லை!

என் கருத்து இதுதான். மாதம் ஒரு நாள் சார் முன்னிலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறப்போம். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுவோம். ஈரத்துணி கூடவே கூடாது. பவர் சப்ளை பெட்டியை நாம் பிரிக்கக் கூடாது, உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அது கடைக்காரர் வேலை. யார், எப்போது, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். முக்கியமாக, வாரா வாரம் எல்லாரும் கம்ப்யூட்டரை ஓட்டிப் பழகுவோம்.

சாவியை மட்டும் கொடுங்க சார். பிரஷ் நாங்க கொண்டு வர்றோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி