இலட்சக் கணக்கும் காலடிக் கணக்கும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரத்துக்கு நீண்டு கிடக்கும் மணற்றிட்டுக்களுக்கு வயது கூறுவோர் இன்று பலராகிவிட்டனர். 2002ஆம் ஆண்டில், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா எடுத்த படம் ஒன்றைக் காட்டி, இது மனிதர் கட்டிய பாலம், இதன் வயது 17,50,000 ஆண்டு என்று செய்தி பரப்பினர். விண்ணிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு வயதையோ மனிதர் கைவேலையையோ நிறுவ இயலாது என்று அந்த நிறுவனமே மறுத்தது. மறுப்பு காற்றோடு போயிற்று, இலட்சங்கள் நிலைத்துவிட்டன.

இந்த இலட்சங்கள் எங்கிருந்து வந்தன? கிருதயுகம் 17,28,000 ஆண்டு, திரேதாயுகம் 12,96,000, துவாபரம் 8,64,000, கலி 4,32,000. கலியின் எண்ணை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் பெருக்கினால் மற்ற மூன்றும் வந்துவிடும். மண்ணைத் தோண்டிக் கண்ட கணக்கன்று இது. மனத்திற் போட்ட வாய்பாடு. மனித இனமே தோன்றி மூன்று இலட்சம் ஆண்டளவுதான் ஆயிற்று என்று எலும்புகள் சொல்கின்றன. ஆனால் பாலம் கட்டியவர்களுக்கோ பதினேழு இலட்சம்!

எண்ணை விட்டாலும் கருத்தை விட இயலாது. கிருதயுகத்தில் நான்கு காலில் நின்ற தருமப் பசு, கலியில் ஒற்றைக் காலில் நிற்கிறதாம். மேன்மையெல்லாம் பின்னே கிடக்கிறது, இனி வருவது வீழ்ச்சியே என்பது இதன் பொருள். கலியின் கேட்டுக்குப் புராணங்கள் தரும் அடையாளங்களைப் படித்துப் பாருங்கள்: சூத்திரர் அரசாளுவர்; வருணங்கள் கலக்கும்; தாழ்ந்தவர் உயர்ந்தவருக்கு அஞ்சார். அடிமைப்பட்டவன் தலைநிமிர்வதையே உலகத்தின் அழிவாகக் காணும் காலக் கணக்கு யாருக்குச் சாதகமாக எழுதப்பட்டது என்று விளக்கவும் வேண்டுமோ?

கம்பனை நாம் வெறுக்கவில்லை. வானரங்கள் மலைகளைப் பெயர்த்து வந்து கடலில் எறியும் காட்சியைப் பாடமாகச் சொல்லும்போது மாணவரோடு சேர்ந்து நாமும் மகிழ்கிறோம். காவியம் காவியமாக இருக்கும்வரை அது மக்கள் சொத்து. அதைக் காணி உறுதியாக மாற்றும்போதுதான் கேடு தொடங்குகிறது. சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டதும், ஆழந்தோண்டினால் மீனினத்துக்கு என்ன நேரும் என்ற கேள்வி எழுந்தது. இரு கரையிலும் வள்ளமும் வலையுமாகப் பிழைப்போருக்கு அது உயிர்க் கேள்வி. ஆனால் 2007இல் நாடெங்கும் நடந்த வழக்கு இராமன் இருந்தானா இல்லையா என்பதே.

இக்கரையிலும் குறைவில்லை. 2019இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட இலங்கையின் முதற் செய்மதிக்கு இராவணன் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டில், இராவணனின் வான்பயணம் பற்றித் தகவல் அறிந்தோர் தரலாம் என்று அரசின் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரமே செய்தது! இராவணன் சிங்களவனென்று ஒரு சாரார், தமிழனென்று மறு சாரார். இதைக் கேட்டு நகைக்கும் தமிழ்ப் புலமையாளரிற் பலர், இறையனார் களவியலுரை கூறும் முச்சங்கத்து 4440, 3700, 1850 ஆண்டுகளைக் கூட்டி 9990 என்று வகுப்பிற் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. நம் பொய்க்கு மட்டும் விதிவிலக்கா?

மன்னாரின் உண்மையான பழமை இத்தனை எளியதன்று, இத்தனை வறியதுமன்று. பனிக்காலத்தில் உலகக் கடல்மட்டம் நூறு மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தபோது இந்த நீரிணை தரையாகவே கிடந்தது. மனிதர் நடந்து வந்தனர். 1980இலிருந்து 1984வரை மாந்தையில் நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்கலங்களும் கிடைத்தன. போர் வந்து பணியை நிறுத்தியது. மீண்டும் தோண்டியபோது கரிந்த மிளகும் ஒரு கிராம்பும் அகப்பட்டன. கிராம்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழையது. மொலுக்காத் தீவுகளில் விளைந்தது. அதைப் பறித்தவனும், கப்பலில் ஏற்றியவனும், மாதோட்டத் துறையில் மூட்டை சுமந்தவனும் எந்தப் புராணத்திலும் இல்லை.

அதே கடலை நேற்றுக் கடந்தவர்களைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்ட ஏழைகள் வள்ளங்களில் தலைமன்னாரிலும் அரிப்பிலும் வந்திறங்கினர். அங்கிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல், காட்டு வழியே கால்நடை. தண்ணீரில்லை, கொலரா உண்டு. நடக்க இயலாதவர் வழியிலேயே விடப்பட்டனர். எத்தனை பேர் மாண்டனர் என்பதில் கணக்கெடுத்தோர் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. திரேதாயுகத்தை ஆயிரம் பிசகாமல் சொல்லும் நமக்கு, நூற்றைம்பது ஆண்டுக்கு முன் நம் வீதியோரம் விழுந்தவர் தொகை தெரியாது!

1914இல் புகையிரதமும் கப்பலும் இணைந்தபின் நடை ஒழிந்தது, கூலி ஒழியவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்ரோபரில் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர்; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கு ஒதுக்கிவைத்தனர். பாட்டன் இறங்கிய அதே தலைமன்னார்த் துறையிலேயே பேரன் பெட்டியும் படுக்கையுமாகக் கப்பலேறினான். சேது என்றால் நமக்கு இதுதான் நினைவுக்கு வரவேண்டும். மலையக மக்கள் தாம் வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்து காட்டினர். இராமர் பாதம் தேடிச் சுற்றுலா வருவோருக்குக் கிடைக்கும் விளம்பரத்திற் பத்திலொன்று அந்நடைக்குக் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்போம்.

புராணப் பெயர் பழைய காரியத்துக்கு மட்டுமே பயன்படுவதாக எண்ணவேண்டா. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகளுக்குத் ‘தம்பபவனி’ என்று பெயர். விசயன் கரையேறியதாக மகாவம்சம் கூறும் தம்பபண்ணியின் எதிரொலி இது. மேலும் காற்றாலைகள் வேண்டா, கனிய மணல் அகழ்வு வேண்டா என்று 2025இல் தீவு மக்கள் தெருவில் இறங்கினர். வெள்ளம் வடிய வழியென்ன, கரையில் மீன் எங்கே என்று அவர்கள் கேட்டனர். மணலின் யுகம் எதுவென்று அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருக்கின்றனர். அடுத்த தவணையில் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது ‘சேதுவின் பெருமை’ வேண்டா. வீட்டிற் பெயர் தெரிந்த மிக மூத்தவர் யார், அவர் எந்தத் துறையில் இறங்கினார், எத்தனை நாள் நடந்தார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே சொல்லுங்கள்.