புது ஊரில் பேச ஆள் உண்டு

பிள்ளைகளோடு இருக்கலாம் என்று கயத்தாறு வீட்டைப் பூட்டிவிட்டுப் பெருநகரத்துக்குக் கிளம்பும் பெரியவர்களுக்கு ஒரே பயம்தான்: 'இந்த வயசில் புது ஊர் ஒத்துக்கொள்ளுமா? அங்கே யாரிடம் பேசுவது?'

கயத்தாறிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் இருக்கிறது இடைசெவல். அங்கே பிறந்து, விவசாயம் பார்த்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தபோது 65 வயதைத் தாண்டியிருந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவரை, அங்குள்ள பல்கலைக்கழகம் நாட்டுப்புறவியல் பேராசிரியராக அழைத்திருந்தது.

நகரத்துக்காக அவர் தன் கரிசல் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்காகச் சொந்த ஊர்க் கதையையே பேசிக்கொண்டும் உட்காரவில்லை. மாணவர்களோடு சேர்ந்து புதுவை வட்டாரக் கதைகளையும் சேகரித்தார். 1991-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோதும் அவர் புதுச்சேரிவாசிதான். சுமார் 30 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 2021 மே மாதம் காலமானார். உடல் இடைசெவலுக்கு வந்து சேர்ந்தது.

புது ஊரில் தனிமையாக உணர்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று கேட்டுப் பாருங்கள். அவரும் எங்கிருந்தோ வந்தவராக இருக்கலாம். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவரும்கூடக் காத்திருக்கலாம்.