பாம்பை அடித்தால் சாவு குறையுமா?

மழை இறங்கி வயல்களில் தண்ணீர் கட்டியதும் வளைகள் நிரம்புகின்றன. எலியும் தவளையும் மேட்டுக்கு ஏறுகின்றன. அவற்றின் பின்னால் பாம்பும் ஏறுகிறது. மேடு என்பது எது? வரப்பு, வைக்கோல் போர், களம், குடிசைத் தரை. அதே வரப்பில் நடந்து அதே தரையில் படுத்து எழுகிறவர்கள் நமது விவசாயத் தொழிலாளி மக்கள். இந்தப் பருவத்தில் பத்திரிகைகளின் மூலையில் நான்கு வரிச் செய்தி வருகிறது: பாம்பு கடித்து இன்னார் மரணம். “விதி முடிந்தது” என்று சொல்லிவிட்டு மறுநாள் ஊர் வேலைக்குப் போகிறது.

விதி என்று விட்டுவிடக்கூடிய விஷயமா இது? கணக்கைப் பார்ப்போம்.

நாடு முழுவதும் வீடு வீடாக மரணக் காரணங்களை விசாரித்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2020-ல் வெளிவந்தது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர். சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர். நாளொன்றுக்குச் சுமார் 160 பேர். உலகம் முழுவதிலும் வருஷந்தோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இப்படிச் சாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி நம் நாட்டில்தான்.

சாகிறவர்கள் யார்? இதே ஆய்வின் முந்தைய பகுதி 2011-ல் வெளிவந்தது. மாண்டவர்களில் 100-க்கு 97 பேர் கிராமவாசிகள் என்றும், 100-க்கு 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தவர்கள் என்றும் அது சொன்னது. 2020 கணக்கின்படி பாதிப் பேர் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கால்வாசிக்கு மேல் 15 வயது நிரம்பாத குழந்தைகள். குடும்பத்தைத் தாங்குகிற கையும், நாளைக்குத் தாங்க வேண்டிய கையும்தான் போகின்றன. பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழையும் சாகுபடியும் சேர்ந்து வரும் மாதங்களில் நடக்கிறது.

இந்த விவரங்களைக் கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று விளங்கும். பாம்புக்கு வர்க்க பேதம் தெரியாது. ஆனால் பாம்புக்கடிச் சாவுக்கு அது நன்றாகத் தெரிகிறது.

கொடிய விஷப் பாம்புகள் நிறைந்த தேசம் ஆஸ்திரேலியா. அங்கே பாம்பு கடித்து ஒரு வருஷத்தில் சாகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கு ஜனத்தொகை குறைவு என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். விகிதம் போட்டுப் பார்த்தாலும் நமது சாவு பல நூறு மடங்கு அதிகம். அங்கே வயலில் வெறுங்காலுடன் இறங்குகிறவன் இல்லை. மண் தரையில் படுப்பவன் இல்லை. கடிபட்டவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வசதி இருக்கிறது. பாம்பின் விஷம் அங்கும் விஷம்தான். வாழ்க்கை நிலைமைதான் வேறு.

வெள்ளைக்கார சர்க்கார் இதற்கு ஒரு வழி கண்டது. 1869-ம் ஆண்டில், கணக்கெடுத்த மாகாணங்களில் மட்டும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாம்புக்கடியால் மாண்டதாக டாக்டர் ஜோசப் ஃபேரர் 1872-ல் வெளியிட்ட தமது பெரிய நூலில் எழுதினார். அதற்குச் சர்க்கார் கண்ட பரிகாரம், செத்த பாம்பைக் கொண்டு வருகிறவனுக்கு இனாம் என்பதுதான். பாம்புகள் குவியல் குவியலாகக் கொல்லப்பட்டன. சாவு ஒழியவில்லை. குடியானவனின் குடிசையும், இருட்டும், ஆஸ்பத்திரி இல்லாத தாலுகாவும் அப்படியே இருந்தபோது எப்படி ஒழியும்?

அந்தப் புத்தி இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். சனிக்கிழமை அதே பாம்பு தெருவில் வந்தால் தடியெடுக்கிறோம். பாம்பு பால் குடிக்கும் பிராணி அல்ல. பழிவாங்கும் பிராணியும் அல்ல. இந்தியாவில் சுமார் 300 வகைப் பாம்புகள் இருக்கின்றன. அவற்றில் விஷமுள்ளவை ஏறக்குறைய 60. நம் ஊர்களில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நான்கே வகை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தடியடியில் சாகும் பாம்புகளில் பல, ஒரு தீங்கும் செய்யாத சாரையும் தண்ணீர்ப் பாம்பும்.

சாரையும் நல்ல பாம்பும் எதைத் தின்று வாழ்கின்றன? எலியை. நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கிற எலியைச் சம்பளமில்லாமல் வேட்டையாடுகிற காவல்காரன் பாம்பு. பாம்பை ஒழித்துவிட்டு எலிக்கு மருந்து வாங்க உரக்கடைக்குக் கடன் சொல்லுகிற விவசாயி, தன் கையாலேயே தன் செலவைக் கூட்டிக்கொள்கிறான். 1972-ம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாம்பைக் கொல்லக்கூடாது என்பது வெறும் ஜீவகாருண்யத்துக்காக அல்ல. ஆகவே பாம்போடு சேர்ந்து வாழ்வது தவிர்க்க முடியாதது மட்டுமல்ல, அவசியமும்கூட. எந்த நிலைமையில் வாழ்வது என்பதே பிரச்னை.

கடி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கிறது. வலி அதிகம் தெரியாது. தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சரிவு, பிறகு மூச்சு நிற்கிறது. ஒரு கட்டிலும், ஓரம் செருகிய ஒரு கொசுவலையும் இருந்தால் இந்தச் சாவுகளில் பெரும் பகுதியைத் தடுத்துவிடலாம். கண்ணாடி விரியன் வரப்பிலும் வைக்கோலிலும் கிடக்கிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனின் காலில் மிதிபடுகிறது. அவன் ஏன் இரவில் போகிறான்? மும்முனை மின்சாரம் அவனுக்கு முறைவைத்து, பல இடங்களில் நடுராத்திரியில் வருகிறது. பகல் மின்சாரம் ஆலைக்கு, இருட்டு விவசாயிக்கு. இந்த ஏற்பாட்டைச் செய்தது பாம்பு அல்ல.

கடிபட்டவன் முதலில் மந்திரவாதியிடம் போகிறான் என்று படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். மந்திரம் விஷத்தை இறக்காது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மந்திரத்தில் பிழைத்ததாகச் சொல்லப்படுகிறவன், விஷமில்லாத பாம்பு கடித்தவன். அல்லது விஷப் பாம்பு கடித்தும் விஷம் உள்ளே இறங்காதவன். ஆனால் மந்திரவாதி எங்கே இருக்கிறான்? அடுத்த தெருவில். எந்நேரமும் கதவைத் திறக்கிறான். டாக்டர் எங்கே? இரவில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இருப்பதில்லை. இருந்தாலும் மருந்து செலுத்தத் தயக்கம். அந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும், அதைச் சமாளிக்கப் பயிற்சி வேண்டும். “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்று சீட்டு எழுதுகிறார்கள். அந்தச் சீட்டோடு வழியிலேயே உயிர் போகிறது. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பிரசாரம் செய்வது நமது கடமை. அந்தப் பிரசாரம் வெற்றி பெற வேண்டுமானால் ஆஸ்பத்திரிக் கதவு முதலில் திறந்திருக்க வேண்டும்.

மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பின் விஷத்தைச் சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். அந்த விஷத்தைக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் நம் செங்கற்பட்டு ஜில்லாவின் இருளர்கள். பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபிறகு பிழைப்பிழந்த இந்த மக்கள், 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களின் இனத்தார் எத்தனையோ பேர் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். இன்றும் மனைப்பட்டாவுக்கு மனுக் கொடுத்துக் காத்திருப்பவர்கள். நாட்டுக்கு உயிர்காக்கும் மருந்தின் மூலப்பொருளைக் கொடுப்பவர் அவர்கள். அதைக் குப்பியில் அடைத்து விற்கும் லாபமோ பெரும்பாலும் தனியார் கம்பெனிகளுக்குப் போகிறது.

மற்றொரு குறையும் உண்டு. ஒரே வகைப் பாம்பானாலும் பிரதேசத்துக்குப் பிரதேசம் விஷம் மாறுபடுகிறது என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தைக்கொண்டு செய்த மருந்து, தூர மாநிலங்களில் அதே அளவு பலிப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் வகை ஒன்றுக்கு இந்த மருந்து கேட்பதே இல்லை. லாபத்தை மட்டும் பார்க்கிற கம்பெனிக்கு, ஏழைகள் மட்டுமே உபயோகிக்கும் மருந்தில் புதிய ஆராய்ச்சி செய்ய அக்கறை எப்படி வரும்?

சர்க்கார்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பாம்புக்கடிச் சாவை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதாக மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் தேசியத் திட்டம் வெளியிட்டது. பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு சர்க்கார் 2024 நவம்பரில் அறிவித்தது. சரியான நடவடிக்கைதான், வரவேற்கிறோம். எண்ணிக்கை தெரியாமல் மருந்தைப் பங்கிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே சாகிறவனை எந்தப் பதிவேடு எண்ணும்? அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது. பாம்பு வரப்பில் இருக்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவு பகல் எந்நேரமும் விஷமுறிவு மருந்தும், அதைச் செலுத்தப் பயிற்சி பெற்ற டாக்டரும் நர்சும் இருக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகள் அனைத்திலும் செயற்கைச் சுவாச இயந்திரம் வேண்டும்.

2. பாசனத்துக்குப் பகல் நேரத்தில் மும்முனை மின்சாரம் வேண்டும்.

3. அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்களுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும், இரவு வேலைக்கு டார்ச் விளக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். சேற்றில் இறங்கி நடுகிற பெண்ணால் பூட்ஸ் போட முடியாது என்பது நமக்குத் தெரியும். அவளுக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரியே காப்பு.

4. 1971-ல் போராடிப் பெற்ற குடியிருப்புச் சட்டம் மனையைக் கொடுத்தது, வீட்டைக் கொடுக்கவில்லை. குடிசைகள் அனைத்தும் தளம்போட்ட வீடுகளாக வேண்டும். அதுவரை குடும்பத்துக்குக் கட்டிலும் கொசுவலையும் வேண்டும்.

5. உத்தரப் பிரதேசத்தில் பாம்புக்கடிச் சாவைப் பேரிடராகக் கருதி 4 லட்ச ரூபாய் கொடுக்கிறார்கள். எல்லா மாநிலங்களிலும், அதற்குக் குறையாமல், அலைய வைக்காமல் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

6. பிரதேசந்தோறும் விஷ சேகரிப்பு நிலையம் அமைத்து, பொதுத்துறையிலேயே மருந்து தயாரிக்க வேண்டும். இருளர் சங்கத்துக்கு நியாயமான விலையும் தடையற்ற அனுமதியும் வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை நமது சங்கங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடித்த இடத்தைக் கயிற்றால் இறுக்காதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. கடிபட்டவரை நடக்கவிடாமல், கால் கை ஆடாமல் வைத்து, தைரியம் சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதே. இவ்வளவையும் ஒரு கிளைக் கூட்டத்தில் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். வீட்டைச் சுற்றி விறகையும் செங்கல்லையும் குவிக்காமலிருப்பது, தெருவிளக்கு எரிகிறதா என்று பஞ்சாயத்தைக் கேட்பது, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து இருக்கிறது என்று மாதம் ஒருமுறை போய் விசாரிப்பது ஆகியவை ஒவ்வொரு கிளையும் இந்த வாரமே செய்யக்கூடிய வேலைகள். குப்பி இல்லை என்ற பதில் வந்தால், அன்றைக்கே மனு எழுதுங்கள். மறு வாரமும் இல்லையென்றால், ஊரைத் திரட்டிக்கொண்டு போங்கள். தடியை வீட்டில் வைத்துவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு போங்கள்.