ஆலோசனையும் கூலியும்

அக்டோபர் 10 உலக மனநல நாள். ‘சமத்துவமற்ற உலகில் மனநலம்’ என்பது 2021ஆம் ஆண்டுக்கான முழக்கம். அந்தச் சமத்துவமின்மையைக் கண்ணால் காண விரும்புவோர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்லலாம்.

டச்சு அரண்மனையையும் பரதேசி யூத ஆலயத்தையும் காண வருவோரை நம்பியே மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் ஏராளமான விடுதிகளும் உணவகங்களும் நடக்கின்றன. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. பயணிகள் வரத்து நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கவிருந்த கொச்சி-முசிறிஸ் பினாலேயும் ஒத்திவைக்கப்பட்டது. அறை துப்புரவு செய்வோர், பரிமாறுவோர், சமையலாளர் ஆகியோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வேலி பகுதியின் தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்களும் இதே சங்கிலியின் கண்ணிகள்தாம். விடுதி விரிப்புகள் வராவிட்டால் அவர்களுடைய கொடிகளும் வெறுமையாகவே கிடக்கும்.

இத்தொழிலாளரில் மிகப் பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது. ‘அழைத்தால் வா’ என்பதே ஒப்பந்தம். மட்டாஞ்சேரிக்கு இது புதிதன்று. துறைமுகத்தில் கூட்டத்தின் நடுவே வில்லைகள் வீசியெறியப்படும். அடித்துப்பிடித்துப் பொறுக்கியவருக்கே அன்று வேலை. அந்தச் ‘சாப்பா’ முறையை எதிர்த்த போராட்டத்தின்மீதுதான் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, தொழிலாளர்கள் உயிரீந்தனர். அன்று வில்லைக்காக ஏங்கி நின்றவர்களைப் போலவே இன்று கைபேசி ஒலிக்காதா என்று காத்திருக்கின்றனர். வாடகை பாக்கி ஏறுகிறது, வட்டி ஏறுகிறது, உறக்கம் போகிறது. இதற்கு நோய் என்று மட்டும் பெயரிடுவது பாதி உண்மையே.

கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு இவ்விஷயத்தில் முன்மாதிரியாகச் செயல்பட்டது. ‘ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு’ திட்டத்தின் ஆலோசகர்கள், தனிமைப்படுத்தப்பட்டோரைத் தாமே தொலைபேசியில் அழைத்துப் பேசினர். ‘திசா’ 1056 உதவி எண் இயங்கியது. 2020 ஜூன் முதல் இ-சஞ்சீவனி வழியே மருத்துவரைக் கட்டணமின்றிக் காண முடிந்தது. தனியார் செயலிகளோ ஒரு மணி நேர ஆலோசனைக்கு ஒருநாள் கூலியையே கேட்கின்றன.

ஆயினும் இணையவழி ஆலோசனைக்குக் கைபேசி மட்டும் போதாது. தனித்திருந்து பேச ஓரிடமும் வேண்டும். ஓரறையில் பலர் படுத்துறங்கும் தொழிலாளி எங்கே போய் அழுவார்? மேற்பார்வையாளர் காதில் விழுந்தால், மறுநாள் அழைப்பு வராது என்ற அச்சம் வேறு.

ஒன்றிய அரசு செய்தது என்ன? 2021-22 நிதிநிலை அறிக்கையில் தேசிய மனநலத் திட்டத்திற்கு ரூ.40 கோடி, நாடு முழுமைக்கும்! 2021 ஜூன் 28 அன்று சுற்றுலாத் துறைக்கு அறிவித்த ‘நிவாரணம்’, முகவர்களுக்கு ரூ.10 லட்சம் வரையும் வழிகாட்டிகளுக்கு ரூ.1 லட்சம் வரையும் உத்தரவாதக் கடன். கடனால் உறக்கமிழந்தவருக்குக் கடனே மருந்தாம்! அறை கூட்டும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. மனநலச் சிகிச்சையை உரிமையாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இதுதான் மரியாதை.

2021 செப்டம்பர் இறுதியில் கேரள உணவகங்கள் பாதி இருக்கைகளுடன் திறக்கப்பட்டன. பாதி இருக்கை என்றால் எத்தனை பேருக்கு வேலை? அழைக்கப்படாதோருக்கு ரொக்க உதவியும், அழைக்கப்பட்டோருக்கு எழுத்துபூர்வ நியமனமும், ஊதியம் பிடிக்காத ஆலோசனை நேரமும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். உதகை, கொடைக்கானல், இராமேசுவரம் விடுதித் தொழிலாளரின் நிலையும் இதுவே.

ஆணை எதற்கும் காத்திராமல் நாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நமது சங்க அலுவலகங்கள் பல, பகலில் பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் ஓர் அறையைத் திறந்துவைத்து, ஒரு கைபேசியும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் ஏற்பாடு செய்து, கேரளத்தில் 1056, தமிழகத்தில் 104 என்று வாசலில் எழுதிவைப்பதை இம்மாதக் கிளைக் கூட்டங்களிலேயே முடிவு செய்யலாம்.