எந்தச் சங்கத்தில் சேருவது?

என் அக்காள் மகன் இந்த வருஷம் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். சேர்ந்த பத்தாம் நாளே ஒரு கவலையோடு வந்து நின்றான். பீஸ் கவலை அல்ல. அது அவன் அப்பாவுக்கு.

"மாமா, நான் எந்தச் சங்கத்தில் சேரலாம்?"

விவாத மன்றம், மாதிரி நீதிமன்றம், சட்ட உதவி மையம், தமிழ் மன்றம் என்று கையில் நாலு விண்ணப்பத் தாள்கள். ஆசையெல்லாம் மாதிரி நீதிமன்றத்தின் மேல்தான். கறுப்புக் கோட்டு, டில்லிக்கு ரயில் பிரயாணம், வெள்ளிக் கோப்பை! கற்பனை வழக்கொன்றைக் கொடுத்து இரு தரப்புக்கும் வாதாடச் சொல்வார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷத்து விதிகளின்படி அது பாடத்திலேயே இருக்கிறது. சங்கத்தில் சேராவிட்டாலும் தப்ப முடியாது.

"சுங்குவார்சத்திரம் தெரியுமா?" என்றேன்.

"ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்."

"அங்கேயும் சங்கத்தில் சேர ஆசைப்பட்டார்கள். விண்ணப்பத் தாள் மட்டும் போதவில்லை."

2024 செப்டம்பர் 9-ந் தேதி அங்குள்ள சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாட்கள் நடந்தது. சம்பளமும் ஒரு கோரிக்கைதான். ஆனால் முக்கியமானது, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பதே ஒரு பெரிய தகராறு! ஹைகோர்ட் வரை போய், கடைசியில் 2025 ஜனவரி 27-ந் தேதி சங்கம் பதிவாயிற்று. பெயரில் 'சாம்சங்' இருக்கிறது.

இது புதுக் கதையும் அல்ல. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர். மில் நிர்வாகம் அவர்மேல் வழக்குப் போட்டு, 1920-ல் ஹைகோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிவிட்டது. சங்கம் நடத்துவதே குற்றம் போலாகிவிட்ட அந்த நிலைமைதான் 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது. அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலுறவுத் தொகுப்பில் கலந்துவிட்டது. (பழைய பாடப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிய பிள்ளைகள் ஜாக்கிரதை!)

"அதற்கும் எனக்கும் என்ன மாமா?"

ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். வேலை செய்வது ஓர் இடம். சம்பளச் சீட்டில் காண்ட்ராக்டர் பெயர். பி.எப்., ஈ.எஸ்.ஐ. என்று பிடித்திருக்கிறது, கட்டினார்களா, தெரியாது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிலாளருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி உண்டு. அது அவளுக்குத் தெரியாது. முதல் வருஷத்து மாணவன் கோர்ட்டில் பேச முடியாது, வாஸ்தவம். அந்தச் சீட்டை வாசித்துச் சொல்லலாம். தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு நல்ல தமிழில் ஒரு மனு எழுதித் தரலாம். அங்கே எதிரே இருப்பது கற்பனைக் கட்சிக்காரர் அல்ல. தப்பாக எழுதினால் கோப்பையோடு போகாது.

பையன் சற்று நேரம் பேசவில்லை.

"சட்ட உதவி மையத்தில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"இதுவரை இரண்டு பேர். மாதிரி நீதிமன்றத்தில் எழுபது."

நாலு தாள்களையும் மேஜைமேல் பரப்பினான். கைவசம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. என்னிடம் கோந்துப் புட்டி கேட்டான்.