அலையைப் பாலாக்க வேண்டாம்

கடலைப் படமெடுக்கிறவர்களிடம் இப்போது ஒரு மோகம். லென்ஸில் கறுப்பு ஃபில்டரை மாட்டி, ஷட்டரை 30 விநாடி திறந்துவைத்து, அலையைப் பாலாக்கிவிடுகிறார்கள். அழகுதான். ஆனால் அது எந்த ஊர்க் கடல் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் மயிலாடுதுறைக்காரன். லீவு கிடைத்தால் டிரைபாடோடு தரங்கம்பாடிக்குக் கிளம்பிவிடுவேன். 1620-இல் வந்த டேனியர்களின் கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அங்கே எனக்கு அரை விநாடி போதும். கருங்கல்லில் மோதிய நுரை கோடு கோடாகப் பின்வாங்குவது அப்படியே பதியும்.

சிரமம் இல்லாமல் இல்லை. டிரைபாடின் காலடி மணலை ஒவ்வொரு அலையும் அரித்துக்கொண்டு போகும். லென்ஸில் உப்புச் சாரல் படிந்தால் வேட்டி நுனியால் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கேமராவைப் பையிலேயே வைத்துவிடுவதுதான் புத்தி.

கடலோரம் போகிறவர்களுக்கு என் யோசனை இது: ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், வருடாவருடம் எடுங்கள், தேதி போட்டுச் சேமியுங்கள். கரை எவ்வளவு அரிபட்டது என்று நாளை ஊர் கேட்டால், காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.