கடலில் காணாமல் போனவரும் காப்பீட்டுக் கோப்பும்



பெரிய காப்பீட்டு நிறுவனங்களின் பணிச்சூழல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் பிரீமிய இலக்கும் முகவர்களின் அலைச்சலும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கிளைம் பிரிவு விடுபட்டுவிட்டது. ஊழியரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த இருக்கைதான்.

தூத்துக்குடியில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கிளைம் பிரிவில்தான் கழிந்தது. நோயில் இறந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ், பாலிசிப் பத்திரம், நாமினியின் வங்கிக் கணக்கு போதும்; கோப்பு நகர்ந்துவிடும். கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு? திரேஸ்புரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் போலீஸ் புகார் நகலும், மஞ்சள் பையில் மடித்து வைத்த பிரீமிய ரசீதுகளும். “அவுக வள்ளமே திரும்பலையே சார், இதுக்கு மேல என்ன சான்று?” என்றார். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாதிருந்த பிறகே இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதுவரை பிரீமியமும் கட்டிவர வேண்டும். தவறினால் பாலிசி காலாவதி. 2004-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. சம்பாதித்தவரே இல்லாத வீட்டாரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

2017 ஒக்கிப் புயலுக்குப் பின், காணாமல் போன மீனவர் குடும்பங்களை அரசு ஏழு ஆண்டு காக்க வைக்கவில்லை. புயலில்லாத நாளில் தனியே மூழ்கும் வள்ளத்துக்கும் அந்த வழி வேண்டும். மீன்வளத் துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், வருவாய்த் துறை மூன்றும் விசாரித்துத் தரும் சான்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கவும், அதுவரை பிரீமியத்தை நிறுத்திவைக்கவும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், தூத்துக்குடி